தென்னேரிப் பாஸ்புக்கும் அமெரிக்க வரித்துறையும்

அமெரிக்க வரித்துறைக்கு வாலாஜாபாத்தில் அலுவலகம் கிடையாது. ஆனாலும் அந்த வட்டத்துத் தென்னேரியில் இருக்கும் ஒரு தாயும் நியூஜெர்சியில் வேலை பார்க்கும் அவர் மகனும் கூட்டாக வைத்திருக்கும் வைப்புத்தொகையில் டிசம்பர் 31 அன்று எவ்வளவு இருந்தது என்ற விவரம், அடுத்த ஆண்டு செப்டம்பர் முடிவதற்குள் அத்துறையின் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். யாரும் வேவு பார்ப்பதில்லை. வங்கியே எழுதி இந்திய வருமான வரித்துறைக்கு அனுப்புகிறது. இந்தியா அதை அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. இந்த ஏற்பாடு 2015-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. கணக்கு வைத்திருப்பவர்களில் பலருக்கு இன்றும் இது தெரியாது.

தென்னேரியை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பெரிய ஏரியையும் அதன் பாசனத்தையும் நம்பி இருந்த ஊர். ஒரு பக்கம் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகள். மறுபக்கம் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்ததிலிருந்து இந்தப் பகுதியில் நிலம் பணமாக மாறத் தொடங்கியது. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கும் பேச்சு வந்தபின் அந்த மாற்றம் இன்னும் வேகமாகியிருக்கிறது. தறிக்குழியில் இறங்கிய குடும்பத்துப் பேரப்பிள்ளை பொறியியல் படித்துவிட்டு எச்-1பி விசாவில் டெக்சாஸ் போகிறார். நிலம் விற்ற பணம் இங்கே, வாரிசு அங்கே. எல்லை தாண்டிய வரி அமலாக்கம் என்று மாநாடுகளில் பேசப்படும் விஷயம் இந்த ஊர்ப்பக்கம் நுழையும் வழி இதுதான்.

தொடக்கம் சுவிட்சர்லாந்து. யுபிஎஸ் வங்கி பணக்கார அமெரிக்கர்களின் பணத்தை வரித்துறைக்குத் தெரியாமல் மறைத்துவைக்க உதவியதை அதன் ஊழியராக இருந்த பிராட்லி பிர்கன்ஃபெல்டு காட்டிக்கொடுத்தார். 2009-ல் அந்த வங்கி 78 கோடி டாலர் கட்டி வழக்கிலிருந்து தப்பியது. ஏறத்தாழ 4,450 கணக்குகளின் விவரங்களைத் தர ஒப்புக்கொண்டது. காட்டிக்கொடுத்தவர் முதலில் சிறைக்குப் போனார், பிறகு 10.4 கோடி டாலர் வெகுமதி வாங்கினார். 1741-ல் தொடங்கிய வெகலின் வங்கி 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு கடையையே மூடியது. ஒவ்வொரு வங்கியாகத் துரத்திப் பிடிப்பது ஆகிற காரியமில்லை என்று வாஷிங்டனுக்குப் புரிந்தபோது பிறந்ததுதான் 2010 மார்ச் 18 அன்று கையெழுத்தான வெளிநாட்டுக் கணக்கு வரி இணக்கச் சட்டம். ஃபட்கா என்று சொன்னால்தான் வங்கியில் புரியும்.

இந்தச் சட்டத்தின் உண்மையான பலம் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது: 30 சதவீதம். உலகின் எந்த மூலையில் இருக்கும் வங்கியானாலும் தன்னிடம் உள்ள அமெரிக்கர்களின் கணக்குகளைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் அமெரிக்காவிலிருந்து அந்த வங்கிக்கு வரும் வட்டி, ஈவுத்தொகை போன்ற வருமானத்தில் 30 சதவீதம் பிடித்துக்கொள்ளப்படும். டாலரைத் தொடாமல் நடக்கும் பெரிய வங்கி உலகில் ஏது? அமெரிக்காவின் சட்டம் அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது என்ற பாடப்புத்தக விதி இங்கே எடுபடவில்லை. சட்டம் எல்லை தாண்டவில்லை, பணம் எல்லைக்குள் வரும் வாசலில் காவல் நின்றது. சாமர்த்தியமான ஏற்பாடு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொரு நாட்டுக்கு இது கைகூடியிருக்காது.

ஒரு நாட்டின் வங்கி தன் வாடிக்கையாளரின் விவரத்தை நேரடியாக அந்நிய அரசுக்குத் தருவது பல நாடுகளில் சட்டவிரோதம். அதனால் அரசுகளுக்கு இடையே ஒப்பந்தங்கள் வந்தன. இந்தியா 2015 ஜூலை 9 அன்று கையெழுத்திட்டது. இந்தியத் தரப்பில் அன்றைய வருவாய்த்துறைச் செயலர் சக்திகாந்த தாஸ், அமெரிக்கத் தரப்பில் தூதர் ரிச்சர்ட் வர்மா. ஆகஸ்ட் 31 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே வருமான வரிச் சட்டத்தின் 285பிஏ பிரிவு திருத்தப்பட்டிருந்தது. விதிகள் 114எஃப், 114ஜி, 114எச் என மூன்று அந்த ஆகஸ்டில் வந்தன. வங்கிகள், பரஸ்பர நிதிகள், பங்குகளைக் காத்துவைக்கும் நிறுவனங்கள், முதிர்வுத்தொகை உள்ள ஆயுள் பாலிசி விற்கும் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஆண்டுதோறும் மே 31-க்குள் 61பி என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பெயர், முகவரி, பிறந்த தேதி, அந்நிய நாட்டு வரி எண், கணக்கு எண், ஆண்டு இறுதி இருப்பு, வரவான வட்டி ஆகியவை அதில் இருக்கும். நமக்குக் கணக்கு முடியும் மாதம் மார்ச். இந்தப் படிவத்துக்கோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒரே வட்டி இரண்டு இடங்களில் இரண்டு தொகையாகத் தெரிவதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும், ஆடிட்டர்களின் பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

யார் அமெரிக்கர்? பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைப்போம். முடியாது. அமெரிக்காவில் பிறந்தவர் அமெரிக்கர். இரண்டு வயதில் காஞ்சிபுரம் வந்து இங்கேயே வளர்ந்தாலும் அவர் அமெரிக்க வரிச் சட்டத்தின் ஆள்தான். குடிமக்கள் எங்கே வசித்தாலும் வரி கேட்கும் நாடுகள் உலகில் இரண்டே: அமெரிக்காவும் எரித்ரியாவும். கிரீன் கார்டு வைத்திருப்பவரும் இதில் அடக்கம். பிள்ளையோடு இருக்கலாம் என்று கிரீன் கார்டு வாங்கிவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளாமல் ஊருக்கே திரும்பிவிட்ட பெற்றோர் காஞ்சிபுரம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். கார்டை முறையாக ஒப்படைக்கும்வரை அவர்களுடைய ஓய்வூதியக் கணக்கும் அமெரிக்கக் கணக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு எச்-1பி விசாவில் இருப்பவரும் பெரும்பாலும் தப்ப முடியாது. இந்த ஆண்டு அங்கே தங்கிய நாட்கள், போன ஆண்டு நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்டி 183 வந்துவிட்டால் வரிக் கணக்கில் அவரும் அமெரிக்கக் குடியிருப்பாளர்தான்.

வங்கி இதை எப்படிக் கண்டுபிடிக்கும்? சில அடையாளங்களை வைத்துத் தேடச் சொல்கிறது விதி: பிறந்த இடம், அமெரிக்க முகவரி, அமெரிக்கத் தொலைபேசி எண், அமெரிக்கக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லும் நிலையான உத்தரவு, அமெரிக்க முகவரி உள்ளவருக்குக் கொடுத்த பவர். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வாடிக்கையாளரிடம் விளக்கம் கேட்க வேண்டும். புதிதாகக் கணக்குத் தொடங்குவோரிடம் சுய அறிவிப்பு வாங்க வேண்டும். 2014 ஜூலைக்கும் 2015 ஆகஸ்டுக்கும் இடையே திறந்த கணக்குகளுக்கு இந்த அறிவிப்பு கொடுக்காதவர்களுக்கு 2017 ஏப்ரல் 30 என்று கெடு வைத்து, தவறினால் கணக்கு முடக்கப்படும் என்று வரித்துறை அறிவித்தபோதுதான் ஃபட்கா என்ற பெயரே பலர் காதில் விழுந்தது. பரஸ்பர நிதி முகவர்கள் அந்த மாதத்தில் வீடு வீடாக அலைந்து கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தாளைப் படித்திருப்பார்கள்?

கூட்டுக் கணக்கில்தான் விஷயம் சிக்கலாகிறது. தென்னேரித் தாயிடமே திரும்புவோம்; கற்பனைக் குடும்பம்தான், ஆனால் இந்த வட்டாரத்தில் அவரைப் போன்றோர் நிறைய. நிலம் விற்றதில் அவர் பங்குக்கு 60 லட்சம் வந்தது. வைப்பு நிதியில் போடும்போது, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பையன் அலைய வேண்டாமே என்று மகன் பெயரையும் சேர்த்தார். 'இருவரில் ஒருவர் அல்லது மீதமிருப்பவர்' என்ற முறை. பணத்தில் மகனுடைய உழைப்பு ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் விதி என்ன சொல்கிறது? கூட்டுக் கணக்கில் உள்ள ஒவ்வொருவருக்கும் முழு இருப்பும் உரியதாகக் கொள்ளப்படும். பாதி இல்லை, முழுதும். எனவே மகன் பெயரில் 60,000 டாலருக்கு மேல் உள்ள ஒரு கணக்கின் விவரம் அமெரிக்காவுக்குப் போகிறது. மகனுக்கு இது தெரிந்தால் அறிவிப்பார். தெரியாவிட்டால் அவர் அமெரிக்க அரசிடம் சொன்னதற்கும் வங்கி சொன்னதற்கும் பொருத்தம் இருக்காது.

வங்கி தகவல் அனுப்புவதால் மகனுடைய கடமை தீர்ந்துவிடாது. அமெரிக்காவில் 1970-ல் வந்த வங்கி இரகசியச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். எஃப்பார் என்று பெயர். சொந்தப் பணம் இல்லை, பவர் மட்டும் இருக்கிறது, கையெழுத்து அதிகாரம் மட்டும் இருக்கிறது என்றாலும் உண்டு. ஃபட்கா அதன்மேல் 8938 என்ற இன்னொரு படிவத்தை ஏற்றியது. இரண்டும் வேறு வேறு துறைகளுக்கு, வேறு வேறு வரம்புகளோடு. ஒன்றைக் கொடுத்தால் மற்றது வேண்டாம் என்றில்லை.

இந்தியச் சேமிப்பு முறைகள் ஒவ்வொன்றும் அங்கே வேறு முகம் காட்டுகின்றன. வெளிநாடுவாழ் இந்தியர் வெளிநாட்டு வருமானத்தைப் போடும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இங்கே வரி இல்லை, அங்கே உண்டு. 'டாக்ஸ் ஃப்ரீ' என்று வங்கிச் சுவரொட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி விட்டுவிட்டவர்கள் ஏராளம். இங்குள்ள வருமானத்தைப் போடும் என்ஆர்ஓ கணக்கின் வட்டியில் இங்கே பிடிக்கும் வரியை அங்கே கழித்துக்கொள்ள 1989-ல் செய்த இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் வழிசெய்கிறது. அப்பா மகன் பெயரில் எப்போதோ எடுத்த எல்ஐசி பாலிசிக்குச் சரண் மதிப்பு இருந்தால் அதுவும் அறிவிக்க வேண்டிய கணக்கு. இந்தியப் பரஸ்பர நிதியோ அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் தண்டனை வரி விகிதத்துக்கு உரிய வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்; ஒவ்வொரு நிதிக்கும் தனிப் படிவம். அந்த வேலைக்கு அங்குள்ள கணக்காளர் வாங்கும் கட்டணம் சில சமயம் முதலீட்டின் லாபத்தையே விழுங்கும். 2015-16 வாக்கில் பல இந்திய நிதி நிறுவனங்கள் அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களின் பணமே வேண்டாம் என்று கதவைச் சாத்தின. வேடிக்கை என்னவென்றால், நேரடியாகத் தன் பெயரில் வைத்திருக்கும் நிலமும், வீடும், பீரோவில் இருக்கும் நகையும் இந்த இரண்டு அறிக்கைகளிலும் வராது. வாடகை வந்தால் வரி உண்டு. மற்றபடி தங்கமும் மண்ணும் தப்பிக்கின்றன. வங்கியில் ஒழுங்காகப் போட்டு வைத்தவர்தான் மாட்டுகிறார். சுறாவுக்கு விரித்த வலையில் அயிரை அகப்படுகிறது என்று இதைப் பார்ப்பவர் சொன்னால் மறுக்க முடியவில்லை.

அமெரிக்கவாழ் இந்தியர்கள் இதைக் கேள்விப்படாமல் இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2011 ஏப்ரலிலேயே, ஃபட்கா நடைமுறைக்கு வரும் முன்பே, எச்எஸ்பிசி வங்கியின் இந்தியக் கிளைகளில் பணம் வைத்திருந்த அமெரிக்கவாசிகளின் விவரங்களைக் கேட்டு வரித்துறை அழைப்பாணை அனுப்பக் கலிபோர்னியா நீதிமன்றம் ஒன்று அனுமதி தந்தது. பெயர் தெரியாதவர்களைக் குறிவைத்து அனுப்பும் அழைப்பாணை அது. கணக்கு வைத்திருந்தவர்கள் பல ஆயிரம் பேர். அறிவித்திருந்தவர்கள் அதில் சிறு பகுதிதான் என்பது அரசுத் தரப்பின் வாதம். அதையொட்டிச் சில மருத்துவர்களும் தொழிலதிபர்களும் குற்றவழக்கைச் சந்தித்தார்கள்.

அபராதம் கண்ணைக் கட்டும். வேண்டுமென்றே மறைத்தால் இருப்பில் பாதியே போய்விடலாம். தெரியாமல் விட்டாலும் 10,000 டாலர்வரை என்றது சட்டம். அந்த 10,000 ஒவ்வொரு கணக்குக்குமா, ஆண்டுக்கு ஓர் அறிக்கைக்கா என்பது நெடுநாள் சச்சரவு. ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்று மீண்டும் ருமேனியாவுக்கே திரும்பிப்போன பிட்னர் என்பவருக்கு 272 தடவை தவறியதாகக் கணக்கிட்டு 27.2 லட்சம் டாலர் தீட்டினார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அறிக்கைக்குத்தான் அபராதம் என்றது. தொகை 50,000 டாலராக இறங்கியது. நான்கைந்து வங்கிகளில் சிறுகச்சிறுகப் போட்டுவைக்கும் நம் வழக்கத்துக்கு இந்தத் தீர்ப்பு பெரிய ஆறுதல். தெரியாமல் விட்டவர்கள் பழைய ஆண்டுகளைச் சரிசெய்துகொள்ள எளிய நடைமுறை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் வசிப்பவருக்கு 5 சதவீத அபராதம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதுவும் இல்லை. வரித்துறை தானாகக் கண்டுபிடித்து விசாரணை தொடங்குவதற்கு முன் போக வேண்டும், அவ்வளவே.

இதுவரை சொன்னது அமெரிக்காவின் கதை. அதைப் பார்த்து மற்ற நாடுகள் தங்களுக்கும் அதுபோல் ஒன்று வேண்டும் என்று கேட்டன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனம் 2014 ஜூலையில் பொது அறிக்கையிடல் தரநிலையை ஏற்றது. சிஆர்எஸ் என்று வங்கிப் படிவத்தில் ஃபட்காவுக்கு அருகிலேயே அச்சாகியிருக்கும். அந்த அக்டோபரில் பெர்லினில் 51 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் கையெழுத்திட்டன. இந்தியா 2015 ஜூன் 3-ல் சேர்ந்தது. 2017 செப்டம்பரில் முதல் பரிமாற்றம் நடந்தது. இங்கே 30 சதவீத மிரட்டல் இல்லை, குடியுரிமையும் ஒரு பொருட்டில்லை. எந்த நாட்டில் வரி கட்டும் குடியிருப்பாளர் என்பதுதான் கேள்வி. 2022-ல் மட்டும் 12.3 கோடி கணக்குகளின் விவரங்கள், ஏறத்தாழ 12 லட்சம் கோடி யூரோ மதிப்பில், நாடுகளுக்கிடையே கைமாறின.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்தில் பலகை வைத்த உணவகங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள வங்கிக் கிளைகளில் கணக்கு வைத்திருக்கும் கொரியப் பொறியாளர் தன் நாட்டில் இன்னும் வரிக் குடியிருப்பாளராக இருந்தால், அவருடைய இருப்பும் இதே மே 31-ல் இங்கிருந்து சியோல் நோக்கிப் பயணம் தொடங்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள நம்மவர்களுக்கும் இதே வழிதான். வளைகுடாவில் தனிநபர் வருமான வரி இல்லை என்பதால் அங்கே வேலையில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஊரோடு திரும்பிய பிறகு துபாயில் மூடாமல் விட்டுவந்த கணக்குதான் சிக்கல். வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்ததை அங்கேயே வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் முழுமையான இந்தியக் குடியிருப்பாளர் ஆனபின் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். ஐந்து பைசா வட்டி வராவிட்டாலும் காட்ட வேண்டும்.

இந்தியாவுக்கு இதனால் என்ன கிடைத்தது? முன்பு நாம் எப்படித் தகவல் வாங்கினோம் என்பதை நினைத்தால் விடை கிடைக்கும். ஜெனீவா எச்எஸ்பிசி வங்கியின் ஊழியர் ஒருவர் திருடிய பட்டியல் பிரான்சு அரசு கைக்குப் போய், 2011-ல் 628 பெயர்களாக நமக்கு வந்தது. லீக்டன்ஸ்டைன் வங்கிப் பெயர்கள் ஜெர்மனி வாங்கிய திருட்டுக் கணினித் தகட்டிலிருந்து வந்தவை. திருட்டுச் சரக்கை நம்பி நாம் வரி வசூலித்துக்கொண்டிருந்தோம். அதுவும் வழக்குமன்றம், ரகசியம் காக்கும் பிரிவு, சிறப்புப் புலனாய்வுக் குழு என்று இழுத்தடித்தது. 2019 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தே முதல்முறையாக இந்தியர்களின் கணக்குப் பட்டியலைத் தானாக அனுப்பியது. 'சுவிஸ் வங்கி' என்ற சொல்லை மேடையில் முழங்கியவர்கள் அந்தச் செப்டம்பரைப் பற்றி அதிகம் பேசாதது எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்தத் தகவலைப் பயன்படுத்தும் ஆயுதம் 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள கறுப்புப் பணச் சட்டம். மறைத்த சொத்துக்கு 30 சதவீத வரி, அதற்கு மூன்று மடங்கு அபராதம். ஆக 120 சதவீதம், சொத்தை விட அதிகம். மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. அட்டவணையில் காட்டாமல் விட்டால் மட்டும் 10 லட்சம் ரூபாய் அபராதம். தொடக்கத்தில் மூன்று மாதம் மன்னிப்பு வாசல் திறந்து வைத்தபோது 640-க்கு மேற்பட்டவர்கள் 4,100 கோடிக்கு மேல் காட்டினார்கள். மேடையில் பேசிய லட்சக்கணக்கான கோடிகளுக்கு முன் இது சுண்டைக்காய். சட்டம் கடுமையாக இருப்பது வேறு, நீதிமன்றத்தில் நிற்பது வேறு என்பதையும் நாம் கண்டோம். முன்னாள் மத்திய அமைச்சர் ப. சிதம்பரத்தின் குடும்பத்தினர்மேல் இந்தச் சட்டத்தின் கீழ் வருமான வரித்துறை தொடர்ந்த வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் ரத்து செய்தது.

சிறைவாசலைவிட ஒரு குறுஞ்செய்தி அதிகம் சாதித்தது. 2024 நவம்பரில், வெளிநாட்டுக் கணக்கு பற்றித் தகவல் வந்தும் அதைக் கணக்கில் காட்டாதவர்களுக்கு வரித்துறை குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது: திருத்திக்கொள்ளுங்கள் என்று. 24,678 பேர் தங்கள் கணக்கை மறுபடி பார்த்தார்கள், 5,483 பேர் தாமதமாகத் தாக்கல் செய்தார்கள். வெளிவந்த வெளிநாட்டுச் சொத்து 29,208 கோடி. மன்னிப்புத் திட்டத்தில் வந்ததைப் போல ஏழு மடங்கு. காட்டியவர்களில் பலர் கறுப்புப் பண முதலைகள் இல்லை. தாய்நிறுவனத்தின் அமெரிக்கப் பங்குகளைச் சம்பளத்தோடு வாங்கிய கணினித்துறை ஊழியர்களும், ஊர் திரும்பியவர்களும்தான். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர்த்த 20 லட்சம் வரையிலான வெளிநாட்டுச் சொத்துக்கு அந்த 10 லட்சம் அபராதம் இல்லை என்று தளர்த்தியதும் சரியான செயலே. மூன்று லட்ச ரூபாய்ப் பங்குக்குப் பத்து லட்சம் தண்டம் கேட்பது அரசுக்கு அழகில்லை.

நேர்மையாகப் பார்த்தால் தகவல் பரிமாற்றம் நமக்கு நன்மையே. ஆனால் அமெரிக்காவோடு நாம் செய்துகொண்டது சமமான பரிமாற்றமா? இல்லை. நாம் கணக்கு இருப்பைக் கொடுக்கிறோம். அமெரிக்கா இருப்பைக் கொடுப்பதில்லை. அங்குள்ள வங்கியில் இந்தியக் குடியிருப்பாளருக்கு 10 டாலருக்கு மேல் வட்டி வந்தால் அந்த வட்டி, அமெரிக்க ஈவுத்தொகை போன்ற வருமானம், இவ்வளவுதான் வரும். இங்கே ஒரு நிறுவனத்தின் பின்னால் அமெரிக்கர் இருந்தால் நாம் தோண்டிச் சொல்ல வேண்டும்; அங்கே டெலவேர் மாநிலத்தில் பதிந்த நிறுவனத்தின் பின்னால் இந்தியர் இருந்தால் அவர்கள் சொல்ல வேண்டியதில்லை. எதிர்காலத்தில் சமமாக்க முயல்வோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு எழுதியிருக்கிறார்கள். அதற்குத் தேவையான சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இன்றுவரை நிறைவேற்றவில்லை. சிஆர்எஸ் ஏற்பாட்டிலும் அமெரிக்கா சேரவில்லை. உலகத்துக்கே வெளிச்சம் கேட்டுவிட்டுத் தன் வீட்டு விளக்கை அணைத்து வைத்திருக்கும் நாடு அது.

சரி, அவர்களுக்காவது பலன் உண்டா? வெளிநாட்டுக் கணக்குகளைத் தாமாக வெளிப்படுத்தும் திட்டத்தில் 2009 முதல் 2018 வரை 56,000 பேர் வந்து 1,110 கோடி டாலர் கட்டினார்கள். அது பயத்தின் பலன். வங்கிகள் அனுப்பும் கோப்புகளின் பலன் வேறு: ஃபட்காவை நடைமுறைப்படுத்த ஏறத்தாழ 57.4 கோடி டாலர் செலவிட்டும் அதற்கேற்ற வசூலைக் காட்ட முடியவில்லை என்று அந்நாட்டு வரி நிர்வாகத் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2022-ல் எழுதியது. உலக வங்கிகள் எல்லாம் சேர்ந்து செலவிட்டது தனி.

இந்தியா கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்திய வங்கிகளின் டாலர் வருமானத்தில் 30 சதவீதம் போவதைத் தாங்க முடியாது. வேறு வழி இருக்கவில்லை. ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யும் வேளையில் இருப்பு விவரமும் நமக்கு வர வேண்டும் என்று கேட்காமல் இருப்பதுதான் தவறு. வரி வலை இன்னும் விரியப்போகிறது. கிரிப்டோ சொத்துகளின் விவரமும் நாடுகளுக்கிடையே பரிமாறப்பட இருக்கிறது. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது.

பெரிய அளவில் நடப்பவற்றில் எனக்கு உள்ள குறை இவ்வளவே. கவுன்டரில் நடப்பதைப் பற்றியோ நிறையக் குறை உண்டு. கணக்குத் திறக்கும் படிவத்தில் ஃபட்கா-சிஆர்எஸ் அறிவிப்பு ஒரு பக்கம். பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி. ஊழியர் 'இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு' என்று விரல் வைத்துக் காட்டுவார். 'இந்தியா தவிர வேறு நாட்டில் வரிக் குடியிருப்பாளரா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அவரே டிக் அடித்துவிடுவார். இல்லாவிட்டால் மேல் அலுவலகத்திலிருந்து கேள்வி வருமே. மகன் பெயர் சேரும்போது அந்தக் கட்டம் பொய்யாகிவிடுகிறது. அறிவிப்பு பொய்யென்றால் பொறுப்பு கையெழுத்திட்டவருக்கே. சில சிறு வங்கிகளுக்கு விலக்கு உண்டு. லாப நோக்கமின்றி உள்ளூர் மக்களுக்காக மட்டும் நடக்கும், குறிப்பிட்ட அளவுக்குட்பட்ட கூட்டுறவு அமைப்புகள் இந்த அறிக்கையிடலுக்கு வெளியே நிற்கலாம். கடைவீதியில் உள்ள தேசிய வங்கிகளுக்கும் தனியார் வங்கிகளுக்கும் அந்த விலக்கு இல்லை.

வாடிக்கையாளர் கையில் தரும் படிவங்கள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் பழைய அறிவுரை. ஃபட்கா பக்கத்தைத் தமிழில் அச்சிடுவதற்கு வாஷிங்டனின் அனுமதி வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. மாவட்ட வங்கியாளர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டாலே போதும். அந்தப் பக்கத்தில் மூன்று வாக்கியம் இருக்கட்டும்: இந்தக் கணக்கில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் முழு இருப்பும் கணக்காகும், வெளிநாட்டில் வரி கட்டுபவர் இருந்தால் விவரம் அந்நாட்டுக்குப் போகும், அவர் தனியாகவும் அங்கே அறிவிக்க வேண்டும்.

அதுவரை வாசகருக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பணம் சிக்கலின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், அவரைக் கூட்டுக் கணக்குதாரர் ஆக்காமல் நாமினியாகப் போடுங்கள். நாமினி கணக்குதாரர் இல்லை. அவர் பெயரில் அறிக்கை போகாது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினியாக நியமிக்கலாம். ஏற்கெனவே பெயர் சேர்த்திருந்தால் இந்த வாரமே பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: கணக்கு எண், வங்கி, ஆண்டில் அதிகபட்சமாக இருந்த தொகை. எஃப்பார் அறிக்கைக்குக் கடைசித் தேதி ஏப்ரல் 15. தவறினால் தானாகக் கிடைக்கும் நீட்டிப்பு அக்டோபர் 15 வரை.